கண்ணாடியும் கடற்காற்றும்

வெயிலைச் சம்பளம் இல்லாத வேலையாளாக வைத்துக்கொண்டு பிழைக்கிற ஊர் என்று ஒன்று உண்டானால், அது எங்கள் தூத்துக்குடிதான். உப்பளத்தில் உவர் நீரைப் பாய்ச்சிவிட்டு மனிதர்கள் காத்திருக்கிறார்கள். வெயில் அதைத் தெப்பத்துக்குத் தெப்பம் சுண்ட வைத்து, கடைசிப் பாத்தியில் உப்பாக்கிக் கொடுக்கிறது. கடற்கரை மணலில் மீனைப் பரப்பினால் கருவாடாக்குகிறது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அள்ளி வந்த சிப்பிகளைக் குவித்துப் போட்டு வெயிலில் அழுக விடுவார்கள். நாற்றம் ஊரைத் தூக்கும். பிறகு கழுவி அரித்து முத்தெடுப்பார்கள். 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் இந்தக் கரையின் கடைசி முத்துக்குளிப்பு. முத்து போயிற்று, வெயில் மட்டும் ஒரு நாளும் வேலைக்கு வராமல் இருந்ததில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் ஓய்வு கேட்கும், அவ்வளவுதான்.

இந்த வேலைகளுக்கெல்லாம் வெயில் பரந்து விழுந்தால் போதும். உப்புக்கு அவசரம் கிடையாது. ஆனால் அதே வெயிலைச் சேர்த்துப் பிடித்து ஓர் இடத்தில் விழச் செய்தால் அது நெருப்பாகிவிடுகிறது. பூதக்கண்ணாடியால் காகிதத்தைச் சுட்டுப் பார்க்காத பையன் உண்டா? அந்த விளையாட்டைப் பெரியதாக்கினால் அடுப்பு. இன்னும் பெரியதாக்கினால் நீராவி யந்திரம். இது புதிய விஷயமும் அல்ல. நூற்றைம்பது வருஷத்துப் பழைய விஷயம். ஆயினும் அந்த நெருப்பை எப்படிப் பிடிப்பது என்பதைக் காட்டிலும், யாருடைய கையை நம்பிப் பிடிப்பது என்பதுதான் கடினமான கேள்வி என்பதைச் சென்ற இரண்டு வருஷங்களில் தெரிந்துகொண்டேன். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எல்லாம் என் மருமகனால் வந்தது.

என் பெரியம்மாவின் மகள் உடன்குடிக்கு அப்பால், தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிறாள். செக்கச் செவேலென்ற மணல் மேடும் பனைமரங்களும்தான் அங்கே ஊர். அத்தான் பனை ஏறுகிறவர். விடியற்காலையில் அவர் இறக்கி வருகிற பதனியைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவது அக்காவின் வேலை. உடன்குடிக் கருப்பட்டிக்கு இன்று புவிசார் குறியீடு என்ற மரியாதை கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கருப்பட்டியைக் காய்ச்சுகிறவள் ஓலை வேய்ந்த விடிலிக்குள், உடைமுள்ளும் காய்ந்த மட்டையும் எரியும் அடுப்பின் முன்னால், மாசியிலிருந்து ஆடி வரை புகையைக் குடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். அக்காவுக்கு இரண்டு கண்ணும் எப்போதும் சிவந்து நீர் வடியும். அழுதிருக்கிறாளோ என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் சங்கடப்படுவார்கள்.

அவளுடைய ஒரே மகன் டிப்ளமா படித்துவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகமும் கையுமாக என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, அம்மாவுக்கு ஒரு சூரிய அடுப்பு செய்யப் போறேன். இரண்டு வருஷமா கொஞ்சம் பணம் சேர்த்து வச்சிருக்கேன். நீங்க காலேஜிலே பௌதிகம் படிச்சவங்கதானே? கூட இருந்து கணக்குப் பாருங்க."

நான் காலேஜில் பௌதிகம் படித்தது இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷத்திலும் பாதி நாள் புத்தகத்துக்குள் நாவலை வைத்துக்கொண்டு படித்தவன். இருந்தாலும் பையன் ஆசையாகக் கேட்கும்போது, மறந்துவிட்டது என்று சொல்ல எந்த மாமனுக்கு மனம் வரும்? உட்கார்ந்தோம். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்கு ஆரம்பமாயிற்று.

கணக்கு இதுதான். அக்காவின் அடுப்புக்கு ஒரு நாளைக்குச் சுமாராக நாற்பது லிட்டர் பதனி வருகிறது. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக விரட்டினால்தான் கருப்பட்டி மிஞ்சும். ஒரு கிலோ தண்ணீரைக் கொதிக்க வைப்பதைவிட, கொதித்த தண்ணீரை ஆவியாக்க ஐந்து பங்குக்கு மேல் உஷ்ணம் வேண்டும். இதுதான் பௌதிகத்தில் எனக்கு மறக்காமல் நின்ற ஒரே பாடம். கூட்டிப் பார்த்தால் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 24 யூனிட் உஷ்ணம், அதாவது இரண்டு கிலோவாட் அடுப்பு பன்னிரண்டு மணி நேரம் எரிய வேண்டும். எட்டு சதுர மீட்டர் குழிந்த கண்ணாடி ஒன்று, வானம் தெளிவாக இருக்கிற நாளில், நஷ்டமெல்லாம் போகப் பாத்திரத்துக்குக் கொடுப்பது அந்த இரண்டு கிலோவாட்தான். வெயிலோ காலை ஒன்பதரை முதல் மாலை மூன்றரை வரைதான் வலுவாக இருக்கும். ஆகவே ஒரு கண்ணாடி பாதி வேலையைச் செய்யும்.

"பாதி போதும் மாமா. பாதி புகை குறைஞ்சா போதாதா?" என்றான்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனால் எந்த மாதிரிக் கண்ணாடி?

இந்தக் கேள்வியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோதுதான், நம் நாட்டில் நடந்த ஒரு விசித்திரமான கதை கிடைத்தது. 1870-களில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் துணைப் பதிவாளராக இருந்தவர் வில்லியம் ஆடம்ஸ் என்ற வெள்ளைக்காரர். இந்த நாட்டில் வெயில் இவ்வளவு காய, நிலக்கரிக்கு இத்தனை பணமா என்று அவருக்குத் தோன்றியது. பிரான்ஸில் அகஸ்டின் மூஷோ என்ற கணித ஆசிரியர் அப்போதே சூரிய யந்திரம் செய்துகொண்டிருந்தார். 1878-இல் பாரிஸ் கண்காட்சியில் பெரிய புனல் மாதிரி ஒரு கண்ணாடியை நிறுத்தி, வெயிலைக் கொண்டே ஐஸ் கட்டி செய்து காட்டினார். நான்கு வருஷம் கழித்து, 1882 ஆகஸ்டு 6-ஆம் தேதி, அவருடைய கூட்டாளி ஆபெல் பீஃப்ர் பாரிஸ் பூங்கா ஒன்றில் சூரிய யந்திரத்தால் அச்சுயந்திரத்தை ஓட்டி, மணிக்குச் சுமார் 500 பிரதிகள் வீதம் ஒரு பத்திரிகையே அச்சடித்தார். பத்திரிகைக்கு எழுதுகிற எனக்கு இதைப் படித்ததும் ஒரு பொறாமை உண்டாயிற்று. வெயிலில் அச்சான பத்திரிகையில் எழுதுவதற்குக் கொடுத்து வைக்கவில்லையே!

மூஷோவின் கண்ணாடி வெள்ளி பூசிய உலோகத் தகடு. ஆடம்ஸ் அதைப் பார்த்து யோசித்தார். தகடு விலை அதிகம், சீக்கிரம் மங்கும், அந்த வடிவத்தைப் பெரியதாகச் செய்வதும் கடினம். ஆகவே அவர் வளைவையே கைவிட்டார். ஏறக்குறைய 17 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் உள்ள சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடிகளை வாங்கி, மரச் சட்டங்களில் பொருத்தி, 72 கண்ணாடிகளும் ஒரே இடத்தில் ஒளி வீசும்படி சாய்த்து வைத்தார். நடுவே ஒரு கொதிகலம். கொலாபாவில் இருந்த அவருடைய வளாகத்தில் இரண்டரைக் குதிரைச் சக்தி நீராவி யந்திரம் வெயிலால் ஓடித் தண்ணீர் இறைத்தது. 1878-இல் புத்தகமும் எழுதினார். இன்று பாலைவனங்களில் கோபுரம் நிறுத்தி, சுற்றிலும் ஆயிரக்கணக்கான கண்ணாடிகளை வைத்து மின்சாரம் எடுக்கிறார்களே, அதற்கு மூத்த பாட்டனார் பம்பாயில் நின்ற அந்த 72 கண்ணாடிகள்தாம்.

"மாமா, இதுதான் நமக்குச் சரி!" என்று மருமகன் குதித்தான். "சின்னச் சின்னக் கண்ணாடி. ஒன்று உடைஞ்சா ஒன்றை மாத்திக்கலாம். ஊர்க் கண்ணாடிக் கடையிலேயே வெட்டித் தருவாங்க."

இது நல்ல புத்தி. ஏனென்றால் எங்கள் கரையில் கண்ணாடிக்குப் பெரிய சத்துரு ஒன்று இருக்கிறது, அதுதான் கடற்காற்று. வீட்டுக் கண்ணாடியைப் பாருங்கள். மதுரையில் பத்து வருஷம் பளபளக்கிற கண்ணாடி எங்கள் ஊரில் மூன்றாம் வருஷமே ஓரத்தில் கருத்துத் தேமல் பிடித்துக்கொள்ளும். உப்பு ஈரம் பின்புறத்து வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடுகிறது. அதோடு ஆனி, ஆடியில் அடிக்கிற கச்சான் காற்று. தேரி மணலை வாரிக்கொண்டு வந்து கண்ணாடி முகத்தில் உரசும். எட்டு சதுர மீட்டர் தட்டை அந்தக் காற்றில் நிமிர்த்தி வைத்தால் அது பாய்மரந்தான். அடுத்த நாள் மணப்பாட்டுக்குப் போய்த் தேட வேண்டியதுதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. குழிந்த கண்ணாடி நேராக வருகிற கிரணத்தைத்தான் குவிக்கும். ஈரமும் உப்புத் தூசியும் கலந்த கடற்கரை வானத்தில் வெயில் பல திசைகளில் சிதறி வருகிறது. அப்படிச் சிதறிய வெளிச்சம் உப்பளத்துக்குப் பயன்படும்; கூரை மேல் வைக்கிற சூரிய மின்பலகைக்கும் பயன்படும்; கண்ணாடி அடுப்புக்குப் பயன்படாது. உடம்பு எரிகிற வெயில் எல்லாம் அடுப்பு எரிகிற வெயில் அல்ல. ஒன்பது மணிக்குக் கண் கூசுகிறது, ஆனால் நிழலின் ஓரம் மங்கலாக விழுகிறது என்றால், அன்று அடுப்பு சோம்பல்தான்.

இதற்கிடையில் பட்டறை முதலாளி ஒரு யோசனை சொன்னாராம். "அடுப்பு எதுக்குடே? நீராவி எஞ்சின் வச்சிக் கரண்டு எடு. கரண்டு இருந்தா அடுப்பும் எரியும், லைட்டும் எரியும்." கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உஷ்ணத்தை மின்சாரமாக மாற்றும்போது யந்திரம் பெரிய தரகு எடுத்துக்கொள்கிறது. சின்ன நீராவி யந்திரமானால் பத்தில் ஒரு பங்குகூடத் திரும்பிக் கிடைப்பது அரிது. சூரிய மின்பலகையோ, நகராமல், ஆவி இல்லாமல், ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாகக் கொடுத்துவிடுகிறது; விலையும் சென்ற பதினைந்து வருஷத்தில் சரிந்துவிட்டது. இராஜஸ்தானத்தில் ஆபு ரோடு பக்கம் பிரம்ம குமாரிகள் சபையைச் சார்ந்தவர்கள் வெயில் உஷ்ணத்தால் மின்சாரம் எடுக்க ஒரு நிலையம் அமைத்தார்கள். 60 சதுர மீட்டர் தட்டுகள் 770. அத்தனையும் சேர்ந்து ஒரு மெகாவாட். அதன் விசேஷம் என்னவென்றால், வார்ப்பிரும்பில் உஷ்ணத்தைச் சேமித்து வைத்து இரவிலும் ஓட்ட முடியும் என்பது. எங்கள் ஊர்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பலில் வந்த நிலக்கரியை எரிக்க 1979-இல் எழுந்த அனல் மின்நிலையத்தில் ஒரு அலகு மட்டும் 210 மெகாவாட். மருமகனிடம் இந்த இரண்டு எண்களையும் எழுதிக் காட்டினேன். அவன் பட்டறை முதலாளியின் யோசனையை அன்றே விட்டுவிட்டான்.

மேலும் நீராவி என்பது விளையாட்டு அல்ல. அடைத்து வைத்த ஆவி, கட்டிப் போட்ட காளை. கொதிகலங்களுக்கென்று நம் நாட்டில் 1923-லேயே தனிச் சட்டம் செய்தது சும்மா இல்லை. 1913-இல் எகிப்தில் மாதி என்ற இடத்தில் பிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கர் 62 மீட்டர் நீளத்தில் ஐந்து கண்ணாடித் தொட்டிகளை அமைத்து, நைல் நதியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறைத்தார். அவர் செய்த புத்திசாலித்தனம், ஆவியை மிகக் குறைந்த அழுத்தத்திலேயே வைத்து, அதற்கேற்ற எஞ்சினைச் செய்துகொண்டது. அடுத்த வருஷமே உலக யுத்தம் வந்து அந்த முயற்சி நின்றது. ஆனால் அவர் காட்டிய வழி சரியானது: வேலைக்கு எவ்வளவு உஷ்ணம் வேண்டுமோ அதற்கு மேல் ஆசைப்படாதே. பதனிக்கு நூறு டிகிரிக்குச் சற்று மேலே போதும். திறந்த பாத்திரம் போதும். ஆவி போகிற இடம் ஆகாயம். வெடிக்க ஒன்றும் இல்லை.

ஆக, கண்ணாடி என்ன என்று தெரிந்தது. திறந்த பாத்திரம் என்றும் தெரிந்தது. மருமகன் படம் போட்டான். குழிந்த சட்டம், அதில் சிறு கண்ணாடித் துண்டுகள், நடுவே கம்பியில் பாத்திரம். சூரியன் நகர நகரச் சட்டத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மோட்டார் வைத்தால் செலவு. கடற்காற்றில் துருப்பிடிக்கவும் செய்யும்.

"அம்மா பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கையாலே தள்ளிவிட்டா போதும் மாமா," என்றான்.

நாங்கள் இருவரும் படத்தை எடுத்துக்கொண்டு தேரிக்குப் போனோம். காலை ஏழு மணி. அடுப்பில் பதனி நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஆமணக்கு முத்து நாலைந்தை நசுக்கிப் போட்டாள்; நுரை அடங்கிற்று. ஒரு கை துடுப்பில், ஒரு கை விறகில். நாங்கள் சொன்னதை எல்லாம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா தம்பி, பதனி சூரியனுக்குக் காத்திருக்காது. கலயத்திலே தடவுற சுண்ணாம்பு எவ்வளவு நேரந்தான் தாங்கும்? ஆறரை மணிக்கு அடுப்பிலே ஏறலேன்னா புளிச்சிரும். உங்க சூரியன் ஒன்பதரைக்குத்தானே வாராரு?"

எங்கள் கல்யாணப் பத்திரிகைக் கணக்கில் மணி இருந்தது. பதனியின் அவசரம் இல்லை.

"அப்புறம்," என்று துடுப்பை எடுத்து வழித்தாள், "இந்தத் தட்டைத் தள்ளுறதுக்கு யாரு? எனக்கு இருக்கிறது ரெண்டு கை. ரெண்டும் இங்கே. காலையிலேர்ந்து நிழல்லே உக்காந்து புகை குடிக்கிறேன். நீங்க சொல்றதைப் பாத்தா, வெயில்லே நின்னு கண்ணாடியைத் தள்ளணும். புகை இல்லே, சரி. தலை வெடிச்சிராதா?"

மருமகன் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அப்போது ஆடம்ஸ் ஞாபகம் வந்தது. சூரியன் நகர நகர அவருடைய கண்ணாடிச் சட்டங்களையும் கொதிகலத்தைச் சுற்றி நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த பதில் ஒரு கூலியாள். 1878-இல் பம்பாயில் துரைமாருக்கு அது ஒரு செலவாகவே தோன்றியிருக்காது. கண்ணாடியில் மிச்சம் பிடித்ததை எல்லாம் ஒரு மனிதனின் கைக் கணக்கில் எழுதிவிட்டார். நாங்கள் செய்ததும் அதேதான். அந்தக் கை அக்காவின் கை என்பதுதான் வித்தியாசம். சூரிய யந்திரங்களின் சரித்திரத்தைப் புரட்டினால் ஒவ்வொரு அமைப்பிலும் ஏதோ ஒன்றை மலிவாக்க, வேறொன்றை விலையாகக் கொடுத்திருப்பார்கள். அந்த விலை யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். பெரிய நிலையத்தில் அது கம்பெனியின் கணக்கில் விழும். சின்ன அடுப்பில் அது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தலையில் விழும்.

திரும்பி வந்து புதிதாகத் தேட ஆரம்பித்தோம். கண்ணாடி நகர்ந்தால் பாத்திரம் நிற்க முடியுமா? பாத்திரம் நிழலில் இருக்க முடியுமா? இந்தக் கேள்விகளைப் பல பேர் முன்பே கேட்டிருக்கிறார்கள்; வெவ்வேறு விதமாகப் பதிலும் சொல்லியிருக்கிறார்கள்.

புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் பொதுச் சமையற்கூடத்தின் மொட்டை மாடியில் 15 மீட்டர் குறுக்களவில் ஒரு பெரிய கிண்ணம் இருக்கிறது. பெரோசிமெண்டில் வார்த்தது, உள்ளே ஆயிரக்கணக்கான சிறு கண்ணாடித் துண்டுகள் ஒட்டியது. அந்தக் கிண்ணம் நகர்வதே இல்லை. பந்தின் ஒரு பகுதியைப் போன்ற வடிவம் ஆனதால், சூரியன் எங்கே இருந்தாலும் ஒளி ஒரு கோட்டில் வந்து குவிகிறது. அந்தக் கோட்டில் நிற்கிற குழாய் மட்டும் சூரியனோடு சேர்ந்து ஆடி அசைகிறது. கனமான பொருள் நிற்கிறது. லேசான பொருள் நகர்கிறது. அழகான யுக்தி. காற்றுக்கும் அது அசையாது. ஆனால் அதற்குக் கட்டடம் வேண்டும், எண்ணெய்க் குழாய் வேண்டும், ஆயிரம் பேர் சாப்பிடுகிற பந்தி வேண்டும். ஒரு விடிலிக்கு அது யானை கட்டித் தீனி போடுவது.

எங்கள் கரையிலேயே, தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வருகிற இராமநாதபுரம் ஜில்லா நரிப்பையூரில், கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு வேறு விதமாகச் செய்தது. உப்புத் தண்ணீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீராக்கும் வேலை அது. அங்கே கிண்ணமும் இல்லை, தட்டும் இல்லை. தட்டையான நீளக் கண்ணாடிப் பட்டைகளைத் தரைக்குச் சமீபத்தில் வரிசையாகப் படுக்க வைத்து, ஒவ்வொன்றையும் சற்றுச் சாய்த்து, மேலே செல்கிற ஒரே குழாயின் மேல் ஒளி விழச் செய்தார்கள். ஆடம்ஸின் பேரப் பிள்ளை என்றே சொல்லலாம். தாழ்ந்து படுத்திருப்பதால் காற்றுக்கு அஞ்ச வேண்டாம்; துடைப்பது சுலபம். காலையிலும் மாலையிலும் மட்டும் பலன் குறைவு. வெயில் குறைந்தால் தாவரக் கழிவை எரித்து உஷ்ணம் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். இதைப் படித்தபோது எங்களுக்குத் தைரியம் வந்தது. விறகோடு சேர்ந்து வேலை செய்வது சூரியனுக்கு அவமானம் இல்லை! பெரிய எஞ்சினீயர்களே அப்படிச் செய்திருக்கும்போது, காலையில் விறகு, பிற்பகலில் வெயில் என்று அக்கா வைத்துக்கொண்டால் என்ன? ஒரு கொதி வந்துவிட்ட பதனி பிறகு புளிக்காது. அவசரமான வேலையை விறகு செய்யட்டும். நேரம் பிடிக்கிற வேலையை வெயில் செய்யட்டும்.

முடிவில் எங்களுக்கு ஏற்றதாகப் பட்டது வொல்ஃப்காங் ஷெஃப்லர் என்ற ஆஸ்திரியர் கண்ட அமைப்பு. 1980-களில் அவர் இதை முதலில் கென்யாவில் செய்து பார்த்தார். காப்புரிமை வாங்கிப் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். இந்தத் தட்டு வெளியே வெயிலில் சூரியனைப் பார்த்துச் சுழலும். ஆனால் ஒளி குவிகிற இடம் மட்டும் மாறாமல் நிற்கும். ஆகவே பாத்திரம் வீட்டுக்குள், நிழலில் இருக்கலாம். ஜன்னல் வழியாக ஒளி உள்ளே வந்து, அடியில் இருக்கிற இன்னொரு சிறு கண்ணாடியில் பட்டுப் பாத்திரத்தின் அடியைச் சுடும். தட்டைச் சுழற்றுவதற்கு மோட்டார் கட்டாயம் இல்லை. ஒரு பாரமும், கடிகாரத்தில் இருப்பதுபோல் ஓர் ஏற்பாடும், சைக்கிள் பாகங்களும் போதும். திருப்பதித் திருமலையில் 2002-இல் இந்த மாதிரித் தட்டுகள் 106 அமைத்து, நாளைக்குப் பதினையாயிரம் பேருக்குச் சமைக்க ஆவி எடுத்தார்கள். 2009-இல் ஷிர்டியில் 73. கோவில் சமையலுக்கு ஆகிற அடுப்பு கருப்பட்டிக்கு ஆகாதா?

இதிலும் விலை இல்லாமல் இல்லை. சூரியன் வடக்கும் தெற்குமாகப் போகிறபடி தட்டின் சாய்வையும் வளைவையும் சில நாளுக்கு ஒரு தரம் கொஞ்சம் மாற்ற வேண்டும். வளைத்துச் செய்கிற சட்டம் நுணுக்கமான வேலை; தவறினால் ஒளி குவியாமல் பரவிவிடும். ஆனால் இந்த விலை லேத் பட்டறைக்காரன் கொடுக்கக் கூடியது. ஞாயிற்றுக்கிழமை வந்து அவன் திருகாணியைத் திருப்பினால் போதும். அம்மாவின் கையைக் கேட்கவில்லை.

சட்டம் தயாராக நான்கு மாதம் ஆயிற்று. அதற்கு முன்பே மருமகன் ஒரு காரியம் செய்தான். பழைய அடுப்பை இடித்துவிட்டு, மூடிய அடுப்பாகக் கட்டி, புகைபோக்கி வைத்தான். அதற்குச் சூரியனும் வேண்டாம், பௌதிகமும் வேண்டாம். செங்கல்லும் மண்ணும் போதும். விறகு குறைந்தது, புகை ஓலைக்கு மேலே போயிற்று. சூரியனைப் பற்றிய கட்டுரையில் இதைச் சொல்வது சூரியனுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கலாம். ஆனால் காலை மூன்று மணி நேரமும் விறகுதான் என்றால், அந்த விறகையும் ஒழுங்காக எரிப்பதுதானே முறை?

போன பங்குனியில் தட்டு நின்றது. எட்டு சதுர மீட்டர்; உள்ளங்கை இரண்டளவு கண்ணாடித் துண்டுகள்; ஓரங்களில் உப்பு ஈரம் ஏறாமல் இருக்கப் பெயிண்ட். முதல் நாள் ஜன்னல் வழியாக ஒளி வந்து பாத்திரத்தின் அடியில் பட்டபோது ஊர்ப் பிள்ளைகள் "ஏ!" என்று கத்தினார்கள். பாத்திரத்தின் அடி கரிப்பிடித்துக் கருப்பாக இருந்ததால் உஷ்ணத்தை நன்றாக வாங்கிக்கொண்டது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைக்க வேண்டும் என்று எண்ணியிருந்த அக்காவை நல்ல வேளையாக மருமகன் தடுத்துவிட்டான். பொங்கி வழியும்போது அடுப்பைத் தணிக்க விறகை இழுக்க வேண்டாம். சின்னக் கண்ணாடியைச் சற்றுச் சாய்த்தால் நெருப்பு அந்தக் கணமே நின்றுவிடுகிறது. அக்காவுக்கு எல்லாவற்றையும்விட இதுதான் பிடித்தது.

ஒரு பருவம் ஓடியதில் நாங்கள் கண்டது இது. தெளிந்த நாளில் கணக்குப்படி ஏறக்குறைய பாதி வேலையை வெயில் செய்தது. மூட்டமான நாட்களில் சும்மா நின்றது. கருப்பட்டி முன்பு பதினோரு மணிக்கு முடியும். இப்போது மூன்று மணி ஆகிறது. ஆனால் நடுவில் அடுப்பைத் தள்ளிக்கொண்டே உட்கார வேண்டியதில்லை. அக்கா எழுந்து போய் வேறு வேலை பார்த்துவிட்டு, கூப்பனிப் பதம் வருகிற நேரத்துக்கு வந்து துடுப்பைப் பிடிக்கிறாள். ஆடிக் காற்றில் பத்து நாள் தட்டைக் கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டி வைத்தோம். பதினேழு துண்டுகளில் ஓரம் கருத்தது. கடையில் வெட்டி வாங்கி மாற்றியாயிற்று. கண்ணின் சிவப்பு முழுதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பழைய புகை அவ்வளவு எளிதில் விடாது. நீர் வடிவது குறைந்திருக்கிறது.

செலவழித்த பணம் விறகுக் கணக்கில் எப்போது திரும்பும் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். சுள்ளி பொறுக்கி எரிக்கிற வீட்டில் விறகுக்கு விலை எழுதப்படுவதில்லை. ஆகவே அந்தக் கணக்கில் வெயிலுக்கு எப்போதும் தோல்விதான். சுள்ளி பொறுக்கிய மணி நேரத்துக்கும், புகை குடித்த கண்ணுக்கும் ஒரு விலை எழுதிவிட்டுக் கூட்டினால் விடை மாறும். அந்த விலையை எழுதத் தெரிந்த கணக்குப்பிள்ளை இன்னும் எங்கள் ஊரில் பிறக்கவில்லை.

இப்போது பட்டறையில் இரண்டாவது தட்டுக்குச் சட்டம் வளைத்துக்கொண்டிருக்கிறான் மருமகன். அதை எங்கே நிறுத்துவது என்பதில் அவனும் நானும் திசைமானியை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க விவாதித்தோம். அக்கா வெளியே வந்து, கச்சான் காற்று மறைகிற ஒரு மணல் மேட்டின் இறக்கத்தில், துடுப்பின் நுனியால் ஒரு கோடு கிழித்துவிட்டு உள்ளே போனாள். அங்கேதான் குழி தோண்டியிருக்கிறோம்.